மேகத்துளியை எண்ணுவது எப்படி?

மழை என்று தலைப்பில் வந்துவிட்டால் முதல் பத்தியில் வான்சிறப்பை எடுத்து வைப்பது நம் ஆண்டிதழ்களின் வழக்கம். இம்முறை அதை அடுத்த கட்டுரையாளருக்கு விட்டுவிட்டு, நேராக ஓர் அணைக்குப் போவோம்.

2024-ஆம் ஆண்டு மே மாதம். ஆயர் ஈத்தாம், தெலுக் பஹாங் அணைகளில் நீர்மட்டம் இறங்கியிருந்தது. பினாங்கில் எங்கு போனாலும் மேக விதைப்புதான் பேச்சு. ஜெலுத்தோங்கில் எங்கள் அடுக்குமாடியின் கீழே உள்ள உணவுக்கடையிலும் அதே பேச்சுதான். "உப்புத் தண்ணிய மேல கொண்டு போய் ஊத்துனா மழை வந்துருமா?" என்று ஒருவர் கேட்டார். "வந்துச்சே, போன தடவ!" என்றார் இன்னொருவர். "அது சும்மாவே வந்திருக்கும்" என்றார் மூன்றாமவர். தேநீர் ஆறும்வரை மூவரும் விடவில்லை. ஆனால் அவர்கள் மூவரும் சேர்ந்து எழுப்பியது வானிலை அறிவியலின் மிகக் கடினமான கேள்விகளுள் ஒன்று. மேகத்தில் எதையோ தூவினோம், பிறகு மழை பெய்தது. தூவியதால்தான் பெய்ததா?

இதற்கு விடை தேட வேண்டுமானால் தரையில் மழைமானியை வைத்தால் மட்டும் போதாது. மேகத்துக்குள் போய், அங்குள்ள துளிகளின் எண்ணிக்கையையும் பருமனையும் அளக்க வேண்டும். அதற்கென்றே விமானத்தின் இறக்கையில் பொருத்தும் கருவிகள் உள்ளன. இயற்பியல் மாணவரான நான் கடந்த இரண்டு பருவங்களாக அவற்றைப் பற்றித் தேடித் தேடிப் படித்து வருகிறேன். படித்ததைத் தமிழில் சொல்லிப் பார்க்கும் முயற்சி இது. ஆவியாதலையும் உறைதலையும் தமிழ்ப்பள்ளியில் தமிழில் கற்றேன். இடைநிலைப்பள்ளிக்குப் போன பிறகு அறிவியல் எனக்குத் தமிழில் பேசவே இல்லை. ஆகவே சில சொற்களை நானே ஒட்டிப் பார்த்திருக்கிறேன். பொருந்தாதவற்றைப் படிப்பவர்கள் திருத்தலாம்.

ஒரு மேகத்தில் எவ்வளவு தண்ணீர்?

முதலில் ஒரு சிறு கணக்கு. சாதாரண வெண்திரள் மேகத்தில் ஒரு கன சென்டிமீட்டருக்கு 300 துளிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றின் ஆரமும் 8 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பெருக்கிப் பார்த்தால் ஒரு கன மீட்டர் மேகத்தில் சுமார் 0.64 கிராம் தண்ணீர்தான் தேறுகிறது. தேக்கரண்டியில் எட்டில் ஒரு பங்கு! ஒரு கிலோமீட்டர் நீளம், அகலம், உயரம் கொண்ட மேகம் முழுவதையும் பிழிந்தாலும் 640 டன், அதாவது 6 லட்சத்து 40 ஆயிரம் லிட்டர்தான் கிடைக்கும். பினாங்கு மாநிலமோ ஒரு நாளைக்கு 80 கோடி லிட்டருக்கும் மேல் பயன்படுத்துகிறது. அப்படியானால் ஒரு நாள் தேவைக்கு ஆயிரத்துக்கும் அதிகமான மேகங்களைப் பிழிய வேண்டும்.

மேகம் ஒரு தொட்டி அல்ல என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். கீழிருந்து ஈரக்காற்று ஏறிக்கொண்டே இருக்கும்வரை அது புதிது புதிதாகத் துளிகளை உண்டாக்கும். நல்ல மழைமேகம் தன்னிடம் ஒரு கணத்தில் உள்ளதைப் போலப் பல மடங்கு நீரைக் கீழே இறக்கிவிடும். எனவே மேகத்தில் எவ்வளவு நீர் உள்ளது என்பதைவிட, அது மழையாக மாறுகிறதா என்பதே முக்கியமான கேள்வி.

8 மைக்ரான் துளி கீழே விழாது. காற்றில் மிதக்கும். அது மழைத்துளியாக வேண்டுமானால் தன்னைப் போன்ற ஏறத்தாழ பத்து லட்சம் துளிகளைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். எல்லாத் துளிகளும் ஒரே அளவில் இருந்தால் எல்லாம் ஒரே வேகத்தில் மிதக்கும், ஒன்றையொன்று முட்டாது. கூட்டத்தில் சில பெரிய துளிகள் இருந்தால்தான் அவை வேகமாக இறங்கி, வழியில் உள்ள சின்னத் துளிகளை விழுங்கி வளரும். துளிகளின் அளவை ஒரு வகையில் சராசரியாக்கிச் சொல்லும் 'செயலுறு ஆரம்' 12 முதல் 14 மைக்ரானைத் தாண்டும்போது இந்த விழுங்கல் சூடுபிடிக்கிறது என்பது பல நாட்டு அளவீடுகளில் தெரிய வந்த செய்தி. உப்புத் தூவுவதன் நோக்கமும் அதுதான். உப்புத் துகள் ஈரத்தை இழுத்துச் சில பெரிய துளிகளை உண்டாக்கட்டும், மற்றதை அவை பார்த்துக்கொள்ளும் என்ற கணக்கு.

ஆனால் தூவும் துகள் மிகச் சிறியதாகவும் மிக அதிகமாகவும் இருந்தால்? அதே நீரை அதிகத் துகள்கள் பங்கு போட்டுக்கொள்ளும். எல்லாத் துளிகளும் சிறுத்துவிடும். வரவேண்டிய மழையும் வராமல் போகலாம். புகைமூட்டக் காலத்தில் நம் வானத்தில் இயற்கையாகவே நடப்பது ஏறக்குறைய இதுதான். அக்காலங்களிலும் நம் நாட்டில் மேக விதைப்பு நடந்திருக்கிறது. மெட்மலேசியா என்னும் வானிலைத் துறையும் அரச ஆகாயப் படையும் சேர்ந்து, சி-130 ஹெர்குலிஸ் விமானத்தில் உப்புக் கரைசலை ஏற்றிச் செல்வதை நாளிதழ்களில் பார்த்திருப்பீர்கள். எந்த அணை, எந்த நாள் என்பதெல்லாம் செய்தியில் இருக்கும். அன்றைய மேகத்தில் துளிகள் எந்த அளவில் இருந்தன என்பதை மட்டும் நான் ஒரு செய்தியிலும் படித்ததில்லை.

மாவும் கரியும்

அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தில் வில்சன் பெண்ட்லி என்றொரு விவசாயி இருந்தார். பனித்துகள்களைப் படம் பிடித்துப் புகழ் பெற்றவர். அவர் மழைத்துளியை அளக்கக் கையாண்ட வழி நம் அம்மாக்களுக்கே தோன்றியிருக்கக்கூடியது. சலித்த மாவை ஒரு தட்டில் பரப்பி, மழையில் சில நொடிகள் நீட்டினார். ஒவ்வொரு துளியும் மாவில் விழுந்து ஓர் உருண்டையானது. காயவைத்து அளந்தார். அந்த ஆய்வு 1904-இல் அச்சேறியது.

மேகத்துளி மழைத்துளியைவிட நூறு மடங்கு சிறியது. மாவில் அது தடம் பதிக்காது. ஆகவே பின்னால் வந்தவர்கள் கண்ணாடித் தட்டில் விளக்குக் கரியையோ மெக்னீசியம் ஆக்சைடையோ மெல்லிய படலமாகப் பூசி, பறக்கும் விமானத்திலிருந்து ஒரு கணம் மட்டும் வெளியே நீட்டினார்கள். துளி மோதிய இடத்தில் சிறு குழி விழும். தரையிறங்கிய பிறகு நுண்ணோக்கியில் குழிகளை ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். ஒரு தட்டுக்கு எத்தனை மணி நேரமோ!

உழைப்பு மட்டும் இதில் சிக்கலில்லை. விமானம் பாய்ந்து செல்லும்போது காற்று தட்டைச் சுற்றி வளைந்து ஓடுகிறது. மிகச் சிறிய துளிகள் அந்தக் காற்றோடு வளைந்து தப்பிவிடும். பெரியவை நேராக வந்து மோதும். ஆகத் தட்டில் பதிவானது மேகத்தின் உண்மையான கலவை அன்று. சிறியவற்றைக் குறைத்துக் காட்டும் ஒரு பக்கச் சாட்சி அது.

ஒளியைச் சிதறவிட்டு எண்ணுதல்

1970-களில் இத்துறையின் போக்கை மாற்றியவர் அமெரிக்கரான ராபர்ட் நோலன்பர்க். துளியைத் தொட்டுப் பிடிக்காமல், அது லேசர் கற்றையைக் கடக்கும் கணத்தில் அளந்துவிட வேண்டும் என்பது அவர் வழி. அவர் தொடங்கிய நிறுவனத்தின் கருவிகள் ஒரு தலைமுறைக்கு உலகெங்கும் ஆய்வு விமானங்களின் இறக்கைகளில் தொங்கின. நீண்ட உருளை வடிவில் அவர் அமைத்த கூட்டின் அளவையே பிற்காலக் கருவிகள் பலவும் பின்பற்றுகின்றன.

இப்போது பரவலாக உள்ள மேகத்துளிமானி ஒன்றை எடுத்துக்கொள்வோம். உருளையின் முன்பக்கத்தில் நண்டின் இரு கொடுக்குகளைப் போல இரண்டு கைகள் நீட்டிக்கொண்டிருக்கும். ஒரு கையிலிருந்து சிவப்பு லேசர் மறுகைக்குப் பாயும். இடையே துளி ஒன்று கடந்தால் ஒளி சிதறும். முன்நோக்கிச் சில பாகைகளுக்குள் சிதறும் ஒளியை மட்டும் ஓர் உணரி பிடிக்கிறது. துளி பெரிதானால் சிதறல் கூடும். அந்த மின்துடிப்பின் உயரத்தைக் கொண்டு 2 முதல் 50 மைக்ரான் வரையிலான விட்டத்தைக் கருவி கணிக்கிறது.

லேசர் கற்றையில் கருவி நம்பி ஏற்கும் பகுதியின் பரப்பு சுமார் 0.3 சதுர மில்லிமீட்டர்தான். விமானம் நொடிக்கு 100 மீட்டர் பறந்தால் அந்தச் சிறு சன்னல் ஒரு நொடியில் 30 கன சென்டிமீட்டர் மேகத்தை வாரிச் செல்கிறது. நம் மேகத்தில் அது 9,000 துளிகள். ஒரு கிலோமீட்டர் பறந்து முடித்தாலும் நாம் உண்மையில் பார்த்த மேகம் 300 கன சென்டிமீட்டர், அதாவது சிறிய தண்ணீர்ப் புட்டி அளவு. அதை வைத்துக்கொண்டு முழு மேகத்தையும் பேசுகிறோம்.

இதே சன்னலில் மழைத்துளியைத் தேடினால் என்ன ஆகும்? கனமழையில்கூட 1 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட துளிகள் ஒரு கன மீட்டருக்குச் சில நூறுதான் இருக்கும். 500 என்று கொண்டால், இந்தச் சன்னல் நிமிடத்துக்கு ஒன்றைக்கூடச் சரியாகப் பார்க்காது. அதனால்தான் ஒரே கருவியால் மேகம் முழுவதையும் அளக்க முடிவதில்லை. சிறியவற்றுக்கு ஒன்று, நடுத்தரத்துக்கு ஒன்று, மழைத்துளிக்கு ஒன்று என இறக்கையில் வரிசையாகத் தொங்கவிட வேண்டியிருக்கிறது.

நிழலைப் படம் பிடித்தல்

பெரிய துகள்களுக்கு நோலன்பர்க் வேறு வழி கண்டார். லேசருக்கு எதிரே ஒளியுணரிகளை ஒரே வரிசையில் அடுக்கினார். முதலில் 32, இன்று 64, 128 வரை. துகள் கடக்கும்போது அதன் நிழல் சில உணரிகளின் மேல் விழும். எவை இருண்டன, எவை இருளவில்லை என்று கருவி மிக வேகமாகத் திரும்பத் திரும்பக் குறித்துக்கொள்ளும். அந்தக் கோடுகளைப் பக்கம் பக்கமாக ஒட்டினால் துகளின் நிழற்படம் கிடைக்கிறது. பாய் முடைவதுபோல, கோடு கோடாக உருவம் வளரும். நட்சத்திரப் பனித்துகள், ஊசி, உருண்டைத் துளி எல்லாம் கறுப்பு வெள்ளையில் தெரியும்.

ஒரு கோட்டுக்கு 25 மைக்ரான் என்றால், நொடிக்கு 100 மீட்டர் வேகத்தில் கருவி நொடிக்கு 40 லட்சம் முறை பார்க்க வேண்டும். விமானத்தின் வேகத்தைக் கருவிக்குத் தவறாகச் சொல்லிவிட்டால் உருண்டைத் துளி முட்டையாக நீண்டுவிடும். மழைத்துளிக்கென உள்ள கருவியில் ஒவ்வோர் உணரியும் 100 மைக்ரானுக்குக் கணக்கு. கைகளுக்கிடையே உள்ள இடைவெளியும் ஒரு சாணுக்கு மேல். ஒரு நொடியில் அது சுமார் 160 லிட்டர் காற்றைப் பார்க்கிறது. முன்பு நிமிடத்துக்கு ஒன்று கூடத் தேறாத மழைத்துளி இதில் நொடிக்கு எண்பது கிடைக்கும்.

மூன்றாவது சாட்சி ஒரு சூடான கம்பி. ஆஸ்திரேலியாவின் வாரன் கிங் 1978-இல் எழுதிக் காட்டிய வடிவம் இன்றும் பயன்படுகிறது. கம்பியை எப்போதும் ஒரே வெப்பநிலையில் வைத்திருக்க வேண்டும். துளிகள் மோதி ஆவியாகும்போது கம்பி குளிரும். அதை ஈடுகட்ட எவ்வளவு மின்சாரம் கூடுதலாகத் தேவைப்பட்டதோ, அதிலிருந்து மேகநீரின் அளவு தெரியும். துளிகளை எண்ணிக் கூட்டிய நீரும், கம்பி சொல்லும் நீரும் ஒத்துப்போனால் நிம்மதி. ஒத்துப்போகாவிட்டால் ஏதோ ஒரு கருவியில் கோளாறு. இந்தச் சரிபார்ப்பு ஏன் அவசியம் என்றால், விட்டத்தில் 10 விழுக்காடு பிழை வந்தால் அது நீரின் எடையில் 33 விழுக்காட்டுப் பிழையாகிவிடும். மும்மடி செய்யும் வேலை அது. அதனால் பறப்பதற்கு முன் அளவு தெரிந்த நுண்ணிய கண்ணாடி மணிகளைத் துளிமானிக்குள் ஊதிச் சோதிக்கிறார்கள். கண்ணாடியும் நீரும் ஒளியை ஒரே மாதிரிச் சிதறவிடுவதில்லை. அதற்கும் ஒரு திருத்தம் உண்டு.

கருவியே புதிதாகத் துகளை உண்டாக்கினால்?

இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த கதை இதுதான். உயர்ந்த மேகங்களில் பறந்தபோது துளிமானிகள் ஏராளமான சிறு பனித்துகள்களைக் காட்டின. ஆண்டுக்கணக்கில் இவை உண்மை என்றே பலரும் எடுத்துக்கொண்டனர். சிறு துகள்கள் நிறைய இருந்தால் மேகம் சூரிய ஒளியை அதிகம் திருப்பி அனுப்பும். ஆக இந்த எண்கள் தட்பவெப்பக் கணக்குகளையே பாதிக்கக்கூடியவை.

சந்தேகம் எழுப்பியவர்களும் இருந்தார்கள். பெரிய பனித்துகள் கருவியின் கைமுனையில் மோதி உடைந்து, அந்தச் சில்லுகள்தான் லேசருக்குள் விழுகின்றனவோ? உடைந்த சில்லுகள் தனித்தனியாக வராது, ஒரு கொத்தாக வரும். எனவே ஒரு துகளுக்கும் அடுத்ததற்கும் இடையே உள்ள நேரத்தைப் பார்த்தால் பிடிபடும். கனடாவின் அலெக்ஸெய் கொரொலேவ் குழுவினர் 2009-இல் ஒட்டாவா வட்டாரத்தில் ஒரே விமானத்தில் பழைய முனை கொண்ட கருவியையும், சில்லுகள் லேசருக்கு வெளியே தெறிக்கும்படி கூராக வடிவமைத்த முனை கொண்ட கருவியையும் பக்கம் பக்கமாகப் பறக்கவிட்டனர். இரண்டும் ஒரே மேகத்தில் வெவ்வேறு கதை சொல்லின. பழைய முனைகள் சிறு துகள்களைச் சில வேளைகளில் பத்து மடங்குக்கும் மேல் கூட்டிக் காட்டின. பல ஆண்டு ஏடுகளை மீண்டும் புரட்ட வேண்டியதாயிற்று. சில பழைய தரவுகளைக் கணக்கிட்டுத் திருத்தலாம். எல்லாவற்றையும் அப்படி மீட்க முடியாது.

இது வெறும் ஏட்டுச் சண்டை அன்று. அதே 2009 ஜூன் 1-ஆம் தேதி, ரியோ டி ஜெனிரோவிலிருந்து பாரிஸ் சென்ற ஏர் பிரான்ஸ் 447 விமானத்தின் வேகமானிக் குழாய்களைப் பனித்துகள்கள் சிறிது நேரம் அடைத்தன. அங்கே தொடங்கிய குழப்பம் அட்லாண்டிக் பெருங்கடலில் 228 உயிர்களைக் கொண்டு போனது. வெப்பமண்டல இடிமேகங்களின் உச்சியில் எவ்வளவு பனித்துகள் இருக்கும் என்பதை அளக்கவே 2014-இல் டார்வினிலும் 2015-இல் பிரெஞ்சு கயானாவின் கயேனிலும் ஆய்வு விமானங்கள் பறந்தன. நம் பினாங்கு வானத்தில் எழும் இடிமேகங்களும் அதே வெப்பமண்டல இனம்தான்.

நம்மவர் வானில்

1999-இல் இண்டோயெக்ஸ் என்ற பன்னாட்டு ஆய்வு இந்தியப் பெருங்கடலில் நடந்தது. அதை நோபல் பரிசாளர் பவுல் குருட்சனோடு சேர்ந்து வழிநடத்தியவர், சென்னையில் பிறந்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயின்ற வீரபத்ரன் ராமநாதன். மாலத்தீவிலிருந்து பறந்த அமெரிக்க ஆய்வு விமானமும் ஒரு சி-130 என்பது எனக்கு வியப்பாக இருந்தது. நம் ஊரில் உப்பு சுமக்கும் அதே இனம், அங்கே துளிமானி சுமந்தது. தென்னாசியாவிலிருந்து வந்த புகைப்படலத்தில் உருவான மேகங்களில், தெற்கே தூய கடற்காற்றில் உருவானவற்றைவிடத் துளிகள் பல மடங்கு அதிகமாகவும் அளவில் சிறியதாகவும் இருந்தன.

மேக விதைப்பில் இந்தியாவுக்கு நீண்ட அனுபவம் உண்டு. வறட்சிக் காலங்களில் தமிழ்நாடு அரசும் 1980-களில் செய்து பார்த்திருக்கிறது. புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் கழகம் மகாராஷ்டிராவில் 1970-களிலும் 80-களிலுமாக 11 பருவங்கள் உப்புத் தூவிச் சோதித்து, மழை 24 விழுக்காடு கூடியதாக அறிவித்தது. அந்த ஆய்வேட்டின் ஆசிரியர் வரிசையில் இரண்டாம் பெயர் மேரி செல்வம். பெயரைப் பார்த்ததும் ஒரு கணம் நின்றேன்.

அதே கழகம் 2009-இல் தொடங்கியதுதான் கேப்பீக்ஸ் திட்டம். முதல் ஆண்டில் தூவவில்லை, அளந்தார்கள். எனக்கு இதுதான் பெரிய செய்தி. ஹைதராபாத், பெங்களூரு, குவாஹாத்தி என ஊர் ஊராக ஒரு சிறு இரட்டை எஞ்சின் விமானம் துளிமானியும் நிழற்படக் கருவியும் சூடான கம்பியும் கொண்டு பறந்தது. மாசு மிகுந்த காற்றில் மேகம் கூடுதலான உயரம் வளர்ந்தால்தான் துளிகள் மழைக்குரிய அளவை எட்டுகின்றன என்று அந்தத் தரவு காட்டியது. பிறகு 2018, 2019-இல் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவுப் பகுதியான சோலாப்பூரில் இரண்டு விமானங்கள். ஒன்று தூவியது, ஒன்று அளந்தது. எந்த மேகத்தில் தூவுவது, எதை விடுவது என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள். தாரா பிரபாகரன் தலைமையில் 2023-இல் வெளியான முடிவின்படி, காற்று வீசும் திசையில் சுமார் 100 சதுர கிலோமீட்டர் பரப்பில் மழை சராசரியாக 18 விழுக்காடு கூடியது. சில இடங்களில் 46 வரை.

18 விழுக்காடு என்பது வெறும் வானத்திலிருந்து மழை வரவழைப்பது அல்ல என்பதைக் கவனியுங்கள். ஏற்கெனவே வளரும் மேகம் இருந்தால், அது தருவதில் கொஞ்சம் கூட்டலாம். மேகமே இல்லாத வறட்சியில் உப்புக்கு வேலையில்லை. உணவுக்கடையில் பேசிய மூன்றாமவருக்கும் இதில் பாதி வெற்றி உண்டு. பெய்ததில் பெரும்பங்கு சும்மாவே வந்திருக்கும்!

வீட்டில் செய்து பார்க்க

விமானம் நமக்குக் கிடைக்காது. பெண்ட்லியின் மாவு கிடைக்கும். அகலமான தட்டில் கோதுமை மாவை இரண்டு விரற்கடை உயரத்துக்குச் சலித்து நிரப்புங்கள். தட்டாமல், அழுத்தாமல் விட வேண்டும். மூடியைப் போட்டு மழைக்குக் கொண்டுபோய், மூன்று நொடி திறந்து மூடுங்கள். சில மணி நேரம் காயவிட்டுச் சல்லடையில் சலித்தால் உருண்டைகள் மேலே நிற்கும். எங்கள் அடுக்குமாடி நடைவழியின் ஓரத்தில் நான் செய்தபோது பெரும்பாலானவை 2 மில்லிமீட்டரை ஒட்டியே இருந்தன. 4 மில்லிமீட்டரில் ஐந்தாறு கிடைத்தன. அம்மா சல்லடையைத் திரும்பக் கேட்டதால் அன்று ஒரு தட்டோடு சரி.

மாவு உருண்டையும் துளியும் ஒரே அளவல்ல. ஊசிக்குழலிலிருந்து நூறு துளிகளை எண்ணிச் சொட்டி, மொத்த நீரை எடை போட்டு, நூறால் வகுத்தால் ஒரு துளியின் எடை தெரியும். அதே துளியை மாவில் விழவிட்டு உருண்டையை அளந்து ஒப்பிட வேண்டும். கண்ணாடி மணியை வைத்து லேசர் கருவியைச் சோதிப்பதும் இதே வேலைதான். தட்டின் பரப்பையும் திறந்திருந்த நொடிகளையும் மறக்காமல் குறித்துவையுங்கள். அவ்விரண்டும் இருந்தால்தான் உங்கள் உருண்டைகளிலிருந்து அன்றைய மழையின் வேகத்தை மணிக்கு இத்தனை மில்லிமீட்டர் என்று கணக்கிட முடியும்.